விற்றது போக மிச்சம்

சந்தையின் மூன்றாவது வரிசையில் காய்கறிக் கடை வைத்திருப்பவருக்கு அன்று காலை தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, எதிரே பையை நீட்டிய டீச்சரைப் பார்த்து, "நீங்க இந்தப் பக்கம் புதுசா?" என்று கேட்டுவிட்டாள். டீச்சர் பதினெட்டு வருட வாடிக்கை. அவர் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், மாமியாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் இவளுக்கு அத்துப்படி. விளையாடுகிறாள் என்று நினைத்து டீச்சர் சிரித்தார். காய்க்காரரும் சிரித்து வைத்தார். அவள் மட்டும் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.

சந்தையில் அவளுக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். ஆனால் அறுபது வீட்டு ஆர்டரும் தலைக்குள் இருக்கும். யாருக்கு நாளைக்கு என்ன வேண்டும், யார் ஊரில் இல்லை, யார் வீட்டில் விருந்தாளி என்று கேட்டால் காயைப் பொறுக்கியபடியே சொல்லுவாள். ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமே என்று மகள் சொன்னபோது, நோட்டு மழையில் நனையும், உங்கம்மா நனைய மாட்டாள் என்று பீற்றிக்கொண்டார் காய்க்காரர். மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வியாபாரமே அந்த வாயால்தான் ஓடியது. "கீரை, பீட்ரூட், ஊதா முட்டைகோஸ்! பிள்ளைங்க மூளைக்கு நல்லது, படிச்சது மறக்காது!" என்று தினமும் கூவுவார். யாரிடம் கேட்டாரோ தெரியாது. கூவினால் கூட்டம் வந்தது, அதனால் கூவினார். அதில் உண்மை இருக்கிறதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மகள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமானவர். சாவி, நாற்காலி, மஞ்சள் என்று மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிக் கேட்டார். மனைவி டாக்டரம்மாவையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அறுபது வீட்டைத் தாங்கிய தலையில் மூன்று சொல் நிற்கவில்லை.

மாத்திரை, நடை, தூக்கம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா சாப்பாட்டுக்கு வந்தார். கரும்பச்சைக் கீரையிலும், சிவப்பு, ஊதா நிறக் காய்களிலும் ஆன்டிஆக்சிடென்ட் என்ற சத்து நிறைய இருக்கிறதாம். மூளையின் செல்கள் சேதமாவதை அது குறைக்கலாமாம். "போனதைத் திருப்பிக் கொண்டுவரும்னு சொல்ல மாட்டேன். இருக்கிறதைக் காப்பாத்த உதவலாம்," என்றார். இருபத்தெட்டு வருடமாகத் தான் கூவியதை ஒருத்தர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தனக்கே சொல்வதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார் காய்க்காரர்.

வீட்டில் என்ன காய் சமைப்பீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். காய்க்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்.

"வித்தது போக மிச்சம்."

மிச்சம் என்றால் அடிபட்ட உருளைக்கிழங்கும், யாரும் தொடாத வெள்ளைப் பூசணித் துண்டும்தான். கீரையும் பீட்ரூட்டும் மதியத்துக்குள் காலியாகிவிடும். சந்தையில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். அதனால்தான் இந்த மறதி நோய் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். காய்க்காரர் காதில் அது ஏறவேயில்லை. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த கையால் இவளுக்கு ஒரு கட்டுக் கீரை எடுத்து வைக்கவில்லையே என்பதிலேயே நின்றது அவர் மனம்.

மறுநாள் மூட்டை பிரித்ததுமே முதல் வேலையாக, இருப்பதிலேயே தளதளவென்றிருந்த கீரைக் கட்டு, நான்கு பீட்ரூட், ஒரு ஊதா முட்டைகோஸ் மூன்றையும் மஞ்சள் பையில் போட்டுத் தன் பலகைக்கு அடியில் வைத்தார். இது நம் வீட்டுக்கு, உனக்கு, என்று மனைவியிடம் நாலு தடவை சொன்னார். அவளும் நாலு தடவை தலையாட்டினாள்.

டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது பலகைக்கு அடியில் பை காலியாகக் கிடந்தது. தூரத்தில் டீச்சர் போய்க்கொண்டிருந்தார். கூடையில் அதே கீரை. காய்க்காரர் காலிப் பையை எடுத்து மனைவியிடம் காட்டினார்.

"வீட்டுக்குன்னு சொன்னேனேம்மா."

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள்.

"நல்ல கட்டை வீட்டுக்கு எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கடை போட்ட முதல் நாள். மழை தூறிட்டு இருந்துச்சு. நான் ஆசையா எடுத்து வெச்ச கீரையைக் கையிலேர்ந்து பிடுங்கி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தருக்குக் குடுத்தீங்க. மறந்துட்டீங்களா?"

காய்க்காரர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். அந்த நாள் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை.