கை தூக்கினால் தெரியும் நீலம்

எங்கள் பதுளை வீட்டின் பின்புறக் குழாயடியை நானும் என் மனைவியும் பங்கு போட்டிருக்கிறோம். ஒரு பக்கம் அவள் துணி துவைக்கும் கல். மறுபக்கம் பழைய தண்ணீர் மோட்டாரில் நான் பூட்டிய கல் தேய்க்கும் சக்கரம். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாகக் கோப்புகளோடு உட்கார்ந்து உட்கார்ந்து வந்த எரிச்சலெல்லாம் அந்தச் சக்கரத்தில்தான் கரைகிறது. கரைந்த சேறு அவள் பக்கம் வழியும்போதுதான் சண்டை.

"துவைக்கிற கல்லை மட்டும் விட்டு வைங்க. அதையும் தேய்ச்சு உருட்டிராதீங்க" என்பாள்.

நான் வெட்டுவது பட்டைகள் போட்ட வைரம் மாதிரியான கல் இல்லை. அடி தட்டையாக, முதுகு மட்டும் குவிந்து வழுவழுவென்று இருக்கும் மொட்டைக் கல். குச்சி நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். கடைசியில் தோல் துண்டில் மெருகுப் பொடி தடவித் தேய்த்தால் பளபளப்பு வரும். அந்த நிமிடத்துக்காக நான் சாப்பாட்டைக்கூட மறப்பேன்.

அப்படி வெட்டியவை ஒரு ஜாம் போத்தல் நிறைய இருந்தன. ஒன்றுகூட அவள் விரலுக்குப் போகவில்லை. தாலியும் ஒரு சோடித் தோடும் போதும் என்பவள் அவள். எனக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். ஒழுங்காக ஒன்று வெட்டினால் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். அந்த 'ஒழுங்காக' என்னைச் சுட்டது.

மொனராகலைப் பக்கம் வேலை பார்க்கும் மைத்துனன் எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்த சந்திரகாந்தக்கல் ஒன்று இருந்தது. அந்தக் கல்லுக்குள் ஒரு நீல ஒளி படுத்திருக்கும். நனைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒளி எழும் பக்கத்தை உச்சியாக வைத்து ஒட்ட வேண்டும். நான் ஒட்ட உட்கார்ந்த மத்தியானம் மழை, மின்சாரமும் இல்லை. பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இடப்பக்கம் டார்ச்சைச் சாய்த்து வைத்து, அதில் நீலம் தெரிந்த இடத்தையே உச்சி என்று நம்பிவிட்டேன்.

தேய்த்து முடித்து மறுநாள் முற்றத்து வெயிலில் வைத்தால், உச்சி வெறுமையாக இருந்தது. நீலம் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. ஆத்திரத்தில் அதையும் போத்தலுக்குள் போட்டுவிட்டு, வேறு வெட்டித் தருகிறேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் வலக்கையில் வெள்ளி மோதிரம். அதில் அந்தக் கல். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய் பஜாரில் பதிக்கக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கழற்றித் தா, சரியாக வேறொன்று வெட்டிப் பதிப்போம் என்று கெஞ்சினேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முந்தின நாள் மோதிரத்தோடு வகுப்புக்குப் போயிருக்கிறாள். மேசையில் கை வைத்திருந்தவரை கல்லில் ஒன்றுமே இல்லையாம். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியதும் வகுப்பு கப்சிப். பிள்ளைகள் பின்னாலிருந்து நீலத்தைப் பார்த்துவிட்டார்கள். இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டார்களாம்.

"எழுதுனது போதும்னு பிள்ளைங்க சொல்லித்தான் இத்தனை வருசமா கேட்டுருக்கேன். இன்னும் எழுதுங்கனு நேத்துத்தான் கேட்டேன். இதுல கை வச்சீங்க, சக்கரத்தைத் தூக்கி ஓடையில போட்டுருவேன்."

அவள் துணியைப் பிழிந்து உதறி, கொடியில் போடக் கையை உயர்த்தினாள். நானும் பார்த்தேன்.