கேப்பர் மலை: ஏற இருபத்தாறு நிமிடம், இறங்க நாற்பத்தொன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேப்பர் மலை ஒரு மலை இல்லை. கடலூருக்கு மேற்கே செம்மண் மேடு, அவ்வளவுதான். என் போன் காட்டியபடி அடியிலிருந்து விளிம்பு வரை முப்பது மீட்டர் சொச்சம் ஏற்றம். மேற்கு மாவட்டங்களிலிருந்து இதைப் படிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் நாங்கள் சிதம்பரத்துக்காரர்கள். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். குழந்தை வைத்திருப்பவர்கள், முட்டி வலிக்காரர்கள், புதிதாக நடக்கத் தொடங்குபவர்கள் போகக்கூடிய சுலபமான பாதை ஒன்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன்.

உண்மையான காரணம் வேறு. என் நண்பன் ஸ்டீபன் தனியார் சர்வே அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவன். அளவைக் கருவி ஒரே இடத்தில் நிற்கும், நுனியில் பட்டகக் கண்ணாடி பொருத்திய பிரிசம் கம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் நடப்பவன் இவன். இரண்டு வருடத்துக்கு முன் பைபாஸில் நடந்த விபத்தில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. இப்போது செயற்கைக் கால். கல்வராயன் மலையில் இருபது நாள் வேலை வந்திருக்கிறது, வருகிறாயா, இல்லை ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாயா என்று முதலாளி கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். உட்கார் என்பது என் கட்சி. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, வளையாத கணுக்கால் சரிவில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவனால் முடியாது என்பதை அவனுக்கே காட்டத்தான் கூட்டிப்போனேன். நல்ல எண்ணம் என்று அப்போது நினைத்தேன்.

சிதம்பரத்தில் காலை 5.10க்குப் பேருந்து, தலைக்கு 38 ரூபாய், 6.25க்குக் கடலூர். வழியெல்லாம் பனி. வயல், பாலம், பெட்ரோல் பங்க் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி, பேருந்து நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

“கேப்பர் மலைக்கா? ஜெயிலுக்கு இன்னா இவ்ளோ காலையில? மனு எழுத ஒம்போது மணி ஆவுமே” என்றார் ஓட்டுநர். மத்தியச் சிறை அந்த மேட்டின் மேல்தான் இருக்கிறது, உள்ளே இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

“ஜெயிலுக்கு இல்லண்ணே, சும்மா நடக்க” என்றான் ஸ்டீபன்.

அவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார். “நடக்கறதுக்கு ஆட்டோவுல போறீங்க. சரி, நூத்தம்பது குடுங்க.”

திருவந்திபுரம் சாலையில் இடப்பக்கம் செம்மண் வண்டிப்பாதை பிரியும் இடத்தில் 6.55க்கு இறங்கினோம். அங்கிருந்து விளிம்பு வரை 1.4 கிலோமீட்டர். போனில் சாய்வு அளக்கும் செயலி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்று, இரண்டு டிகிரிதான். ஒரே ஒரு வளைவில் ஒன்பது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், கைதான் கொஞ்சம் வலிக்கும்.

ஸ்டீபன் தன் பழைய பிரிசம் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனான். செயற்கைக் காலுக்கு ‘மேனேஜர்’ என்று பேர் வைத்திருக்கிறான். கேட்டால், “வளைஞ்சு குடுக்கவே மாட்டாரு மச்சான், அதான்” என்பான். மேம்பாலத்தில் இரண்டு மாதம் ஏறி இறங்கிப் பழகியிருக்கிறான். நான் நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்லிக்கொண்டே போனேன். “நீ இன்னா, ரன்னிங் கமெண்ட்ரியா?” என்றான். அதற்குப் பிறகு மனதுக்குள் எண்ணினேன்.

பாதி வழியில் முந்திரித் தோப்பு. பூத்திருந்தது. அந்த வாசனையை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. லேசான இனிப்பு, நனைந்த மண்ணோடு கலந்து, மூச்சு வாங்கும்போது கூடவே உள்ளே போகிறது. மரங்கள் தரையோடு தரையாகக் கிளை பரப்பி, பனிக்குள் பாதி கரைந்து நின்றன. ஓர் அக்கா காய் விழுவதற்கு முன்பாகத் தோப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். துடைப்பத்தின் சரக் சரக் ஓசை மட்டும் முதலில் வந்தது, ஆள் பிறகுதான் தெரிந்தார்.

“மேல இன்னாபா இருக்குது, போறீங்க?”

“ஒண்ணும் இல்லக்கா. பாத்துட்டு வரோம்.”

“ஒண்ணும் இல்லாததப் பாக்க வெள்ளென வந்துட்டீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கூட்ட ஆரம்பித்தார்.

7.21க்கு விளிம்பு. இருபத்தாறு நிமிடம். நான் போட்ட கணக்கு நாற்பது. எனக்கு லேசாக எரிச்சல் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கீழே கெடிலம் ஆறு இல்லை, சாலை இல்லை, ஊர் இல்லை. பால் கொதித்துப் பொங்கி அப்படியே நின்றுவிட்டதுபோல் பனி. தென்னங்கொண்டைகள் மட்டும் அங்கங்கே மிதந்தன. கிழக்கே வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது, அது கடல் என்று ஸ்டீபன் சொன்னான், பனி என்று நான் சொன்னேன். திருவந்திபுரம் கோயிலில் கல்யாண நாள் போலிருக்கிறது. பனிக்கு அடியிலிருந்து நாதஸ்வரம் வந்தது. ஒரு கல்யாணம் இல்லை, இரண்டு மூன்று, ஒன்றின் மேல் ஒன்று. ஆட்களே கண்ணுக்குத் தெரியாமல் அந்த வெள்ளைக்குள் யாரோ யாருக்கோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நேரம் பார்க்கவில்லை. பிறகு போனில் பார்த்தபோது நாற்பத்தைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை.

வெயில் ஏறியதும் பனி கிழிந்தது, என் புத்தியும் திரும்பியது. வந்த வழியே போகாமல், மழை அரித்த பள்ளம் ஒன்றின் வழியாக இறங்கினால் பாதித் தூரம் மிச்சம் என்று கண்டுபிடித்தேன். அளந்தேன், பதினேழு டிகிரி.

“பாதையிலயே போலாம் மச்சான். எறக்கத்துலதான் மேனேஜர் வேலையக் காட்டுவாரு” என்றான்.

“கல்வராயன்ல உனக்குப் பாதை போட்டு வெச்சிருப்பாங்களா?” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் நேரே பள்ளத்துக்குள் இறங்கினான்.

பக்கவாட்டில் திரும்பி, மேனேஜரை முதலில் கீழே வைத்து, கம்பை ஊன்றி, அப்புறம் நல்ல காலைச் சேர்த்து, ஒவ்வோர் அடியாகப் போனான். மெதுவாக, ஆனால் பிசகாமல். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஓரிடத்தில் சரளை நழுவுவதுபோல் தெரிந்ததும் ஓடிப்போய் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தேன்.

அவன் எடை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பிடித்ததுதான் தப்பு. நான் இழுத்த பக்கம் அவன் சாய்ந்தான். அந்தச் சரளை, உருண்டை உருண்டையாக, பேரிங்கிலிருந்து கொட்டிய குண்டுகள் மாதிரி. இருவரும் சேர்ந்து சறுக்கினோம். அவன் நேராக உட்கார்ந்து இரண்டு மீட்டரில் நின்றுவிட்டான், உள்ளங்கையில் சிராய்ப்பு மட்டும். நான் உருண்டுபோய் ஒரு முந்திரி வேரில் மாட்டிக்கொண்டேன். வலது கணுக்கால் மடங்கிவிட்டது.

“எவன்டா உன்னப் புடிக்கச் சொன்னான்?” முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. “ரெண்டு வருஷமா இதான். வீட்ல, பஸ்ல, சர்ச்சுல, எங்க போனாலும் யாராச்சும் வந்து புடிச்சுடறாங்க. காலு போனதால நான் வுழல. புடிக்கறதாலதான் வுழறேன்.”

எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், “உனக்கும் ஒரு மேனேஜர் வந்துட்டாரு போல” என்றான்.

கம்பை என் கையில் கொடுத்தான். எனக்கு ஓர் அடி முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றான். “என் தோள நீ புடிச்சுக்க. நான் உன்னப் புடிக்க மாட்டேன். எப்ப கால் வெக்கணும்னு நீயே சொல்லு.”

அப்படியே ஏறிப் பாதைக்குத் திரும்பி, முந்திரித் தோப்பு வழியாக இறங்கினோம். என் வலி சொன்ன இடத்தில் எல்லாம் அவன் நின்றான். ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை. துடைப்பத்தோடு நின்ற அக்கா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, “போவும்போது வேற ஆளு இல்ல நொண்டிக்கிட்டுப் போனாரு?” என்றார். ஸ்டீபன் சிரித்த சிரிப்பு தோப்பின் மறுமுனை வரை கேட்டிருக்கும்.

சாலைக்கு வந்ததும் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் முதலாளியைக் கூப்பிட்டான். “வரேன் சார். ஒண்ணே ஒண்ணு, எறக்கத்துல யாரும் என்னப் புடிக்கக் கூடாது. நம்ம ஆளுங்ககிட்ட மின்னாடியே சொல்லிடுங்க.” எதிர்முனையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இவன், “சரி சார், செவ்வாக்கெழம காலையில” என்று வைத்தான்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள், எட்டரைக்கு மேல் பனியும் இருக்காது, நிழலும் குறைவு. மேலே கடை கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். தோப்புகள் தனியாருடையவை, பாதையை விட்டு விலகாதீர்கள், பூவைப் பறிக்காதீர்கள். அடி தேய்ந்த செருப்பு வேண்டாம். முகூர்த்த நாளில் திரும்பும்போது ஆட்டோ கிடைப்பது கஷ்டம், ஆனால் அந்த நாதஸ்வரத்துக்காக முகூர்த்த நாளிலேயே போங்கள். பள்ளத்தில் இறங்காதீர்கள். கூட வருபவர் மெதுவாக நடந்தால் மெதுவாக நடக்கட்டும். கை வேண்டுமா என்று கேளுங்கள், கேட்காமல் பிடிக்காதீர்கள்.

தலைப்பில் இருக்கும் நேரங்களைப் பார்த்துவிட்டு, செயற்கைக் காலோடு இறங்க நாற்பத்தொரு நிமிடமா என்று யாரும் கேட்க வேண்டாம். ஏறிய இருபத்தாறு அவனுடையது. இறங்கிய நாற்பத்தொன்று என்னுடையது.