மலை சுற்றி வந்த சாமியார்

கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில், தனத்துக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அண்ணாமலையார். இன்னொருத்தி மகாராணி என்கிற பூனை. அந்த இரண்டு பேருக்கும் தனம்தான் பயப்படுவாள். புருஷன் சக்கரபாணியை "யோவ்" என்று கூப்பிடுகிறவள், பூனையிடம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள்.

இந்த மரியாதை சும்மா வந்ததில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம், விதைக்கென்று வைத்திருந்த நாலு மூட்டை மல்லாட்டையையும் எலிகள் தின்று தீர்த்தன. டிவியில் வேர்க்கடலை என்கிறார்களே, அதற்கு அந்தப் பக்கத்துப் பேர் மல்லாட்டை. அந்த வருஷம் சொந்த நிலம் காய்ந்து கிடக்க, ஊரார் நிலத்தில் களை எடுக்கப் போனாள் தனம். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. களை எடுத்த வீட்டிலிருந்துதான் மகாராணியின் மூதாதை ஒருத்தியைச் சாக்குப்பையில் போட்டுத் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அந்த வம்சம்தான் விதை அறைக்குக் காவல். இப்போது பதவியில் இருப்பது மகாராணியும் அவளுடைய இரண்டு வாலிபப் பிள்ளைகளும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஆனி மாசம் பௌர்ணமிக்கு மறுநாள், சக்கரபாணி தோள் துண்டில் ஒரு நாய்க்குட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அவர் போனது கிரிவலத்துக்கு. மகன் மாறனுக்கு வேங்கிக்கால் பக்கம் ஒரு வேலை கிடைத்தால் பன்னிரண்டு மாசம் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டது தனம். வேலை கிடைத்ததும், மாட்டை விட்டுவிட்டு எங்கே வருவது என்று சொல்லி, நடக்கிற வேலையைப் புருஷன் தலையில் கட்டிவிட்டாள். பௌர்ணமிக் கூட்டத்தில் மிதிபட முடியாது என்று அவர் மறுநாள் விடியலில் கிளம்பிப் போய், மதியத்துக்குள் திரும்பிவிடுவார். இது ஏழாவது மாசம்.

"இன்னாயா இது? கொண்டுபோய் எடுத்த எடத்துலயே வுட்டுட்டு வா. மகாராணி பாத்தாங்கன்னா அவ்ளோதான்."

"வாயக் கழுவு. இது சாதாரண குட்டின்னு நெனச்சியா? பதினாலு கிலோமீட்டரும் எங்கூடவே கிரிவலம் வந்துச்சு. மலை சுத்துன ஜீவனத் தொரத்தணும்னா தொரத்து. பாவம் எனக்கு வேணாம்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் பேசி ஜெயித்தது அன்றைக்குத்தான். காவி நிறத்தில் இருந்த குட்டிக்குச் 'சாமியார்' என்று பேர் வைத்ததும் அவர்தான்.

மகாராணி சாமியாரை ஒருமுறை பார்த்தாள். முதுகு ரோமத்தைச் சிலுப்பினாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தங்கம்மாளின் சிமெண்டு ஓட்டுக்குக் குடிபெயர்ந்தாள். சமாதானம் பேசத் தனம் பால் கிண்ணத்தை வைத்தாள், சாமியார் குடித்தார். கருவாடு வறுத்து வைத்தாள். சாமியார் தின்றுவிட்டுத் தட்டையும் கடித்தார். பூனைகள்மேல் அவருக்குத் துளிக்கூடப் பகை இல்லை. அன்புதான். அந்த அன்பு வாலை ஆட்டிக்கொண்டு நாலு கால் பாய்ச்சலில் போனதால் பூனைகளுக்குப் புரியவில்லை. அவை இறங்கி வருமென்று ஓட்டின் பக்கமே பார்த்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்குப் பூனை மாதிரி முன்னங்காலை நக்கி முகம் துடைக்கவும் பழகிக்கொண்டார்.

தங்கம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

"நான் கூப்புடல தனம். தானா வந்துச்சுங்க. எங்கூட்டு மீன் கொழம்பு அதுங்களுக்குப் புடிச்சிருக்கு போல."

இதைக் கேட்டதிலிருந்து தனத்துக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் விதை அறையில் கொறிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு மூட்டையின் அடியில் கை நுழைகிற ஓட்டை, தரையெல்லாம் மல்லாட்டைத் தோல். ஆடி மழை ஒன்று விழுந்தால் விதைக்க வேண்டும். அதுவரை மூட்டை தாங்க வேண்டும். மூட்டை தாங்க மகாராணி வர வேண்டும். மகாராணி வர சாமியார் போக வேண்டும்.

ஆனால் மலை சுற்றிய ஜீவனை எப்படி விரட்டுவது? இரண்டு நாள் யோசித்து அவளே ஒரு சட்டம் போட்டாள்.

"கிரிவலத்துல வந்தத கிரிவலத்துலயே வுட்டா பாவமில்ல. இந்த மாசம் நான் நடக்கறேன். நீ மாட்டப் பாத்துக்க. சுத்தி முடிச்சி கோபுரத்தாண்ட சாமிகிட்டயே ஒப்படைச்சிட்டு வந்துடறேன்."

சக்கரபாணிக்குக் குப்பென்று வேர்த்தது. "உனக்கு இன்னாத்துக்கு அலைச்சல்? முட்டி வலி வேற. குட்டி இருந்துட்டுப் போவட்டுமே" என்று பின்னாலேயே வந்தார். இந்த மனுஷனுக்குத் திடீரென்று தன் முட்டிமேல் என்ன அக்கறை என்று தனத்துக்கு விளங்கவில்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள் முதல் பஸ்ஸில், ஒயர் கூடைக்குள் சாமியாரை உட்காரவைத்துக்கொண்டு போனாள். ராஜகோபுரத்தின் முன்னால் செருப்பைக் கழற்றினாள், சாமியாரை இறக்கிக் கயிற்றைப் பிடித்தாள். ஊர் சிரிக்கிற மாதிரி ஆட்டம் போடும் என்று பார்த்தால், அது அவள் காலடியிலேயே நடந்தது. அவள் லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிட்டபோது அதுவும் நின்றது. 'பழகின வழியாச்சே' என்று நினைத்துக்கொண்டாள் தனம்.

பாதி தூரத்தில் அடி அண்ணாமலை. அங்கே ஒரு டீக்கடையிலிருந்து, கடைக்காரர் இருசப்பன் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அட, நம்ம கடைக் குட்டி! ஏம்மா, கீழ்பென்னாத்தூர் ஐயா வூடா நீங்க? ஐயா வரலியா?"

"அவரத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? மாசாமாசம் இங்க வந்து டீ சாப்புட்டு, ரெண்டு வடை சாப்புட்டு, ஆட்டோ புடிச்சி பஸ் ஸ்டாண்டு போயிடுவாரு. போன மாசம் இந்தக் குட்டி ஆட்டோல தாவி அவரு மடியில ஒக்காந்துகிச்சு. எறங்கவே மாட்டேன்னுடுச்சு."

தனம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாசம்! ஏழு அரை மலை! மாறனின் வேலை இன்னும் போகாமல் இருப்பது அண்ணாமலையாரின் பெருந்தன்மை.

இருசப்பன் குட்டியின் தலையைத் தடவினார். "வூட்டுல பூனை இருக்குன்னு ஐயா அன்னிக்கே சொன்னாரு. செரமமா இருந்தா இங்கயே வுட்டுட்டுப் போங்கம்மா. இதோட ஆத்தா பின்னாடிதான் கீது."

இனி என்ன தடை? குட்டி மலையும் சுற்றவில்லை, விட்டால் பாவமும் இல்லை. தனம் கயிற்றை அவிழ்த்தாள். சாமியார் நகரவில்லை. அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கி, பூனை மாதிரி முகம் துடைத்தார். வடைக்குக்கூடத் திரும்பவில்லை. புருஷன் ஏழு மாசத்தில் ஒருதரம்கூடத் தாண்டாத இந்த இடம் வரைக்கும், தூக்கச் சொல்லாமல் நடந்து வந்திருக்கிறது வாயில்லா ஜீவன்.

"பாதி மலையோட நிறுத்த இது என்ன எங்கூட்டுக்காரரா? மீதியும் சுத்தட்டும்" என்று எழுந்தாள்.

குபேர லிங்கத்தருகே சாமியாருக்குக் கால் பின்னியது. தூக்கினால் அதன் புண்ணியம் தனக்கு வந்துவிடும் என்று பயந்து, தனம் தூக்கவில்லை. பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, நிழலில் கூடவே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ராஜகோபுரத்துக்கு வந்து கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது இது நிஜமாகவே மலை சுற்றிய ஜீவன். சுற்ற வைத்தது அவளேதான். இனி எந்தச் சட்டத்தைக் கொண்டு இதை விடுவது? நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீடு வந்ததும் சாமியார் நடையில் கட்டையாக விழுந்து தூங்கினார். ஒரு மாசத்தில் அந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. சாயங்காலம் மகாராணி ஓட்டிலிருந்து இறங்கி வந்தாள். சாமியாரை ஒரு சுற்று மோந்து பார்த்தாள். மூக்கின்மேல் பளாரென்று ஒன்று வைத்தாள். சாமியார் ஒரு கண்ணைத் திறந்து, வாலை ஒரே ஒரு தரம் ஆட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். அவ்வளவுதான் பஞ்சாயத்து. மகாராணி அவரைத் தாண்டி விதை அறைக்குள் போனாள். பிள்ளைகள் பின்னால் போயின. உள்ளே ஒரு எலி கீச்சிட்டது.

சக்கரபாணி மாட்டுக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "குட்டிய வுடலியா தனம்?"

"இல்ல. அது முழுசா சுத்திடுச்சு. நீதான் பாக்கி" என்றாள் தனம். "அடுத்த மாசத்துலேந்து ஒண்ணு, ரெண்டுன்னு மறுபடி எண்ணு. பன்னெண்டு. சாமியார் கூட வருவாரு. உன் ரெண்டு வடையயும் ஆட்டோவயும் பத்தி இருசப்பன் எல்லாம் சொன்னாரு."

சக்கரபாணி கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, இன்னும் நடக்காத காலை இப்போதே பிடித்துவிட்டுக்கொண்டார்.