பேச்சாளர் ரிப்பன்

எங்கள் காரைக்கால்மேட்டு நூலகத்தில் கூட்டிப் பெருக்குவது என் வேலை. நூலகர் கல்யாணசுந்தரி மேடம் ஒருமுறை சென்னையில் நடந்த நூலகர் மாநாட்டுக்குப் புறப்பட்டபோது, "இந்தத் தடவையாவது நெறைய ரிப்பன் சேத்துக்கிட்டு வரணும் சந்திரா" என்றார். தலையில் கட்டும் ரிப்பன் என்று நினைத்து, "எம் பொண்ணு சுகிர்தாவுக்கும் செவப்புல வாங்கிட்டு வாங்க மேடம்" என்றேன். மேடம் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. திரும்பி வந்ததும் சிவப்புப் பட்டு ரிப்பன் ஒரு ஜோடியை என் கையில் வைத்தார்.

அவர் சொன்னது வேறு ரிப்பன் என்று பிறகுதான் தெரிந்தது. மாநாட்டில் கழுத்தில் மாட்டும் அட்டைக்குக் கீழே 'உறுப்பினர்', 'வரவேற்புக் குழு' என்று எழுதிய வண்ண நாடாக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொள்வார்களாம். வருஷா வருஷம் சேர்த்ததைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்.

"தேர்ல தொங்குற துணித் தொம்பை மாதிரியே இருக்குங்க மேடம்."

"அப்ப வடம் புடிச்சு இழுக்க ஆள் கூட்டியா."

'பேச்சாளர்' ரிப்பன் மட்டும் அவரிடம் இல்லை. நாலு பேர் முன்னால் நின்றால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். முன்பு ஒருமுறை பேசப் பெயர் கொடுத்துவிட்டு, போகாமலே இருந்துவிட்டாராம். ஓய்வு பெறும் வருஷம், இதுதான் கடைசி என்று மறுபடி பெயர் கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டுப் படிக்க வருகிறவர்களைப் பற்றிய பேச்சு.

நூலகத்தில் யாருமில்லாதபோது பேசிப் பார்ப்பார். 'வணக்கம்' என்பதைத் தாண்டாது.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க மேடம். தப்பாச் சொன்னாலும் எனக்குத் தெரியப் போறதில்ல."

சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு பேச்சும் வந்தது. அப்புறம் தினமும் நான் பெருக்குவேன், அவர் பேசுவார். எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிக்க வந்த கதையும் அதில் இருந்தது. மேடம் சென்னைக்குப் போன அன்று காரைக்கால் அம்மையார் கோயிலில் விளக்கேற்றி, "தாயே, அவங்க தொண்டையத் தொறந்து விடு" என்று வேண்டிக்கொண்டேன். தாய் கைவிடவில்லை. 'பேச்சாளர்' என்று எழுதிய சிவப்பு ரிப்பனோடு வந்தார்.

ஓய்வு பெற்று மகன் வீட்டோடு இருக்கப் பெங்களூர் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஏறும் முன் அந்தச் சிவப்பு ரிப்பனை என் கையில் வைத்து மூடினார்.

"ஐயோ, இது உங்களுதுங்க மேடம்!"

"மேடையில நின்னப்ப எல்லா நாற்காலியிலயும் நீதான் தொடப்பத்தோட உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன் சந்திரா. கேக்குறவங்களுக்குன்னு அங்க ரிப்பன் குடுக்க மாட்டாங்க. இத நீ வச்சுக்க."