கதவு வரை போனவர்

மட்டாஞ்சேரித் துறையில் படகு அணைவதற்கு முன்பே முகைதீன் பிச்சையின் கை வெளியே நீண்டுவிடும். படகு இடிக்காமலிருக்கத் துறைச் சுவரில் பழைய லாரி டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். பதிந்த தடம் மறைகிறதா என்று பார்ப்பார். "போச்சு, உப்பு தின்னுட்டுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்குவார். டயர்தான் என்றில்லை. செருப்புக் கடையில் செருப்பின் அடி, சாயாக்கடையில் குக்கர் வளையம், நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியைச் சுற்றிய கறுப்புப் பட்டை, எல்லாவற்றிலும் அந்த நகம் ஒரு முறை இறங்கும். கார்க்காரர் யாராவது முறைத்தால், "ஒண்ணுமில்லே சேட்டா, நோக்கிப் பாத்தேன்" என்பார்.

மலையாளத்தில் நோக்குவதும் தமிழில் பார்ப்பதும் ஒன்றுதான். அவருக்கு அது இரண்டு. வாப்பா மேலப்பாளையத்திலிருந்து மிளகுக் கிட்டங்கி வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரியிலேயே, பஜார் ரோட்டில். அவருடைய வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். ஐம்பதைத் தாண்டிவிட்டார். மனைவி ஜுமைலாவுக்கு இந்த ஊரின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு வந்து வந்து, கடைசியில் மேலப்பாளையத்தில் மகள் வீட்டோடு இருந்துவிட்டாள். இவர் கிட்டங்கிக்குப் பின்னாலுள்ள ஒற்றை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். பெருநாளுக்குப் பெருநாள் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஏலூர்ப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் அவர் கலவை மில்லில் நிற்பவர். எதிரெதிராகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே ரப்பரைக் கொடுத்து, கரிப்பொடியும் கந்தகமும் தூவி, வெட்டி வெட்டி மடித்துக் கொடுக்கிற வேலை. எழுபதுகளில் அந்தக் கம்பெனி காருக்கான சில்லறை ரப்பர் சாமான்களைத்தான் செய்துகொண்டிருந்தது. நாட்டிலேயே இரண்டு மூன்று மாடல் கார்கள்தான். வருஷம் மாறினாலும் கார் மாறாது, அதனால் அச்சும் மாறாது. பணம் கட்டிவிட்டுக் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்கவில்லை. முகைதீன் பிச்சையிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அது நிம்மதியான காலம்.

பிறகு வடக்கே புதுக் கார் வந்தது. ஜப்பான்காரர்களோடு கூட்டு. பாகங்களை வருஷத்துக்கு வருஷம் கூடுதலாக இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை போட்டிருந்தது. ஏலூர்க் கம்பெனியும் ஒரு ஜப்பான் ரப்பர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. பிரேக் கப் செய்வதற்கு. பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்குப் போகிற எண்ணெயைக் கசியவிடாமல் தள்ளுகிற சின்னக் கிண்ணம் அது. உள்ளங்கையில் நாலைந்து அடங்கும். வரைபடம் வந்தது, அச்சு வந்தது, ரப்பரை அச்சில் வைத்துச் சூடாக்கி அழுத்தும் பிரஸ்கள் பளபளவென்று வந்தன. கலவை மட்டும் வரவில்லை. கலந்து முடித்த ரப்பர் கறுப்புத் தகடுகளாக, ஒட்டிய பைகளில், ஒரே ஒரு எண்ணோடு கப்பலில் வந்து இறங்கியது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஒப்பந்தப்படி இரண்டு பேரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அழைத்தார்கள். ஒரு இளம் இன்ஜினீயரும் முகைதீன் பிச்சையும் போனார்கள். இன்ஜினீயர் குளிர் ஏறுவதற்குள் திரும்பி வந்து, கற்றதோடு துபாய்க்குப் போய்விட்டார். முகைதீன் பிச்சை அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு கடலோர ஊரில் தனியாக இருந்தார். பேச ஆளில்லை. தொழிலாளர் விடுதியில் மேற்கு எது என்று தெரியாமல், சூரியன் விழுகிற பக்கத்தை உத்தேசமாகப் பிடித்துத் தொழுதார். சோறு இருந்தது, மீன் இருந்தது, காரம் இல்லை. நகானோ என்ற போர்மன்தான் அவருக்கு எல்லாம். நகானோவுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது. ஆனாலும் மதியத்தில் பக்கத்தில் வந்து உட்காருவார். தட்டில் இறைச்சி எது என்று காட்டிக் கையை ஆட்டுவார். மத்தி மாதிரி ஒரு மீனைச் சுட்டு எடுத்து வந்து தன் தட்டிலிருந்து இவர் தட்டுக்கு மாற்றுவார். இவர் வெட்டிய ஓரம் பிசிறாக இருந்தால் திட்டமாட்டார். தானே ஒன்றை வெட்டி அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

பிரஸ் காட்டினார்கள். ஓரம் வெட்டுவது, பொறுக்கிப் பார்ப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் காட்டினார்கள். கலவை அறைக்கு இரும்புக் கதவு. ஒருநாள் முகைதீன் பிச்சை அந்தக் கதவைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, இரண்டு கைகளையும் உருளை மாதிரிச் சுற்றிக் காட்டினார். நான் அந்த வேலைக்காரன் என்று அர்த்தம். நகானோ தலையைத் தாழ்த்தினார். போய்ச் சூடாக ஒரு டம்ளர் சாயா வாங்கி வந்து, இரு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினார். நகானோவின் சட்டையிலிருந்த அட்டை மஞ்சள் நிறம். அந்தக் கதவுக்குள் போகிறவர்களின் அட்டை நீலம். அந்த மனுஷனும் உள்ளே போனதில்லை என்பது அப்புறம்தான் இவருக்கு உறைத்தது.

இதை ஊரில் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. அத்தனை மாசம் அங்கேயே கிடந்தவன் ஒன்றும் பார்க்காமலா வருவான் என்றார்கள். ஒன்று இவன் மண்டு, அல்லது பார்த்ததை வேறு கம்பெனிக்கு விற்கப் பதுக்கி வைத்திருக்கிறான். ஒர்க்ஸ் மேனேஜர் சிவசங்கரன் இரண்டில் எது என்று தீர்மானிக்க முடியாமல் அடிக்கடி அறைக்குக் கூப்பிட்டு, நயமாகவும் கேட்பார், முகத்தை இறுக்கிக்கொண்டும் கேட்பார். கூடப் பிறந்த அண்ணனைப் போலப் பாவித்து 'இக்கா' என்று கூப்பிட்டவர்கள் 'ஜப்பான் இக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஜப்பானில் என்ன கண்டீர் என்று கேட்டால், "கதவு. நல்ல கதவு" என்பார் அவர். அதற்கும் சிரிப்பார்கள்.

சிரிக்காமல் கேட்டவள் அம்மிணி ஒருத்திதான். திருச்சூர்க்காரி, கம்பெனி லேபில் கெமிஸ்ட். கப்பலில் வரும் கலவைக்குப் பதிலாக இங்கேயே ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவளிடம் பொறுப்பு விட்டிருந்தார்கள். அவள் கணக்குப் போட்டுக் கொடுப்பாள், இவர் மில்லில் கலந்து தருவார், பிரஸ்ஸில் கப்பாகும், அவள் அதைக் கொதிக்கும் பிரேக் எண்ணெயில் ஊற வைப்பாள். முதலில் வந்தவை ஊதிப்போய்க் காளான் மாதிரி ஆயின. பிறகு வந்தவை இறுகி வெடித்தன. ஒவ்வொன்றையும் இவர் நகத்தால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவள் அடுத்ததற்குக் கணக்குப் போடுவாள். மதியம் இரண்டு பேரும் லேப் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் கொண்டுவரும் கப்பைக் கிழங்கையும் இவருடைய மீன் குழம்பையும் பாதிப் பாதியாக்கிக்கொள்வார்கள். மகளைக் கூப்பிடுகிற மாதிரி அவளை அவர் மோளே என்றுதான் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் மட்டும், ஜுமைலாவைப் பார்க்கப் போகும்போது கம்பெனிக் கதை சொன்னார்.

யென் விலை ஏறியது. கப்பலில் வந்த தகடுகள் கட்டுப்படியாகாமல் போயின. அதே சமயத்தில் அம்மிணியின் கலவை ஊதாமலும் வெடிக்காமலும் நின்றது. லேபில் வைத்த சோதனை எல்லாவற்றிலும் தேறியது. கார் கம்பெனியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். அவருக்கு லேப் காகிதம் போதவில்லை. பிரேக் சமாசாரம், ஆகவே ஜப்பானில் சொல்லிக்கொடுத்த முறையில்தான் கலக்கிறீர்களா என்று தெரிய வேண்டும் என்றார். அங்கே போய் வந்தவர் ஒருவர் இருக்கிறாராமே, அவரைக் கூப்பிடுங்கள்.

முதல் நாளே சிவசங்கரன் இவரைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். நீர் ஒன்றும் பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டும், இத்தனை குடும்பத்துச் சோறு இதில் இருக்கிறது என்று. முகைதீன் பிச்சை சரியென்றுதான் வந்தார். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மறுநாள் அந்த வடக்கத்தி மனிதர் அவர் முகத்தைப் பார்த்து, கலவை அறையில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். குத்தல் இல்லை, சந்தேகமும் இல்லை. ஊர் திரும்பிய நாளிலிருந்து அம்மிணியைத் தவிர அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு வருஷமாக மண்டு என்றும் கள்ளன் என்றும் கேட்டுக் கேட்டு உள்ளே கட்டியாகக் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"மிக்ஸிங் ரூம் நோ, சார்" என்றார். "டோர் ஒன்லி."

சொல்லி முடித்ததும் அவருக்கு மனசு லேசானது. அந்த லேசு போவதற்குள் அம்மிணியைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்காமல், மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கப்பலில் வரும் கலவை என்றால் வாங்கிக்கொள்வோம், மற்றது வேண்டாம் என்று பரிசோதகர் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். கப்பல் கலவைக்குக் கம்பெனியால் விலை கொடுக்க முடியவில்லை. புதுப் பிரஸ்களில் கால்மிதி வார்க்க ஆரம்பித்தார்கள். பிரஸ் ஆட்கள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். லேபைப் பூட்டினார்கள். அம்மிணி சென்னைப் பக்கம் ஒரு டயர் கம்பெனிக்குப் போனாள். போகிற அன்று மில்லுக்கு வந்து, "ஞான் போறேன் இக்கா" என்று மட்டும் சொன்னாள். தன் கலவை சரியா தப்பா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று இவருக்கும் தெரியாது. சரியாக இருந்திருக்கலாம். அது ஜப்பான் கலவை இல்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த உண்மை. அதைச் சொல்லப்போய் இன்னொரு உண்மையை மிதித்துவிட்டோமோ என்று மில்லில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். வேலை போனவர்களின் உறவுக்காரர்கள் கம்பெனியில் இன்னும் இருக்கிறார்கள். மதியத்தில் இவர் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். யாரும் திட்டுவதில்லை. உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

போன பெருநாளுக்கு முந்தின வாரம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பியவர் தோப்பும்படி ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய ஃபியட் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் அம்மிணி. விடுமுறைக்குத் திருச்சூர் வந்தவள், வீட்டுக் கல்யாணத்துக்கு ஏலக்காய் வாங்க அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்திருக்கிறாள். பின் சீட்டில் ஏலக்காய்ப் பை மணத்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்க இக்கா. ஸ்டேஷன்ல விடறேன்."

ஏறினார். ஜுமைலாவின் உடம்பு எப்படி என்று அவள் கேட்டாள். தேவலை என்றார். டயர் கம்பெனியில் வேலை எப்படி என்று இவர் கேட்டார். அங்கேயும் கலவைக்கு வெளிநாட்டுக் கணக்குத்தான், தனக்கு வேலை அதைச் சரிபார்ப்பது மட்டும் என்றாள். அவளைக் கண்டால் சொல்வதற்கென்று இவர் பலமுறை கட்டி வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. ஒன்றையும் எடுக்க வரவில்லை. தீவுக்குப் போகிற பாலத்தின் ஏற்றத்தில் கார் முனகிக்கொண்டு ஏறியது.

"இந்தக் காரில் நாலு சக்கரத்திலயும் நம்ம கப்புதான்" என்றாள் அம்மிணி. "லேப் பூட்டுறதுக்கு முந்தி ஸ்டோரில் கிடந்த பழைய ஃபியட் கப்பு அச்சில் கொஞ்சம் வார்த்து எடுத்துட்டுப் போனேன். கடைசியா நீங்க கலந்த கூட்டு. கார் அச்சனோடது, அவருக்கு இது அறியாது."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "எப்பத்திலிருந்து, மோளே?"

"ரெண்டு மழை கழிஞ்சாச்சு."

அவர் வாயைத் திறந்தார். கார் அப்போது பாலத்தின் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் வேகமெடுத்தது. கீழே மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று, இழுப்பவன் தலையைக் குனிந்தபடி, சாலையின் குறுக்கே வந்தது. அம்மிணி பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராகப் போய், வண்டிச் சக்கரத்துக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. வண்டிக்காரன் ஏதோ சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு போனான். ஏலக்காய்ப் பை சரிந்து கீழே விழுந்திருந்தது.

கியரை மாற்றக் கையைக் கொண்டுபோனவள் அவருடைய காலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பிரேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் தரைதான். முகைதீன் பிச்சையின் வலது கால் செருப்போடு அதை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தது. அம்மிணி காரை எடுத்தாள். தீவுச் சாலையில் கார் மறுபடி வேகம் பிடித்த பிறகும் அவர் அந்தக் காலைத் தளர்த்தவில்லை.