எனக்கு வெட்டிய குழி

முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, தாடை. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது இடது தாடையில் ஓர் இழுப்பு. சொத்தைப் பல் என்று நினைத்துக் கிராம்பைக் கடித்துக்கொண்டேன். சட்டை வியர்வையில் நனைந்த பிறகுதான் தறியை நிறுத்தினேன். உங்களுக்கு அப்படி வலி வந்தால் தயவுசெய்து கிராம்பைத் தேடாதீர்கள்.

கோவை ஆஸ்பத்திரியில் மாரடைப்பு (இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது) என்றார்கள். அன்று மாலையே இதய நிறுத்தமும் (துடிப்பு அடியோடு நின்றுபோவது) ஏற்பட்டதாம். நெஞ்சை அழுத்தி, மின்சாரம் பாய்ச்சி, மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது விலா எலும்புகள் நொந்தன. நடுவில் இருட்டுகூட இல்லை.

"நான் செத்துப் போயிட்டனுங்களா டாக்டர்?"

"நின்னுது, திரும்ப ஓடுச்சு. அவ்வளவுதான்."

அது பதிலா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஊரில் யாருக்கும் அந்தக் குழப்பம் இல்லை. அது லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்). பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னை உயிர்த்தெழுந்தவனாகவே ஆக்கிவிட்டார்கள். போதகர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "ஈஸ்டர் விடியக்கால ஆராதனை கல்லறைத் தோட்டத்துலதானுங்க. நீங்க சாட்சி சொல்லோணும். அங்க பாத்ததைச் சொன்னாப் போதுமுங்க."

நான்தான் எதையும் பார்க்கவில்லையே! வருடாவருடம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உயிர்ப்பைப் பாடியவன் நான். இப்போது பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாததால்தான் ஒன்றும் தெரியவில்லையோ? அப்படியானால் இத்தனை காலம் எதைக் கொண்டாடினேன்? இதை என் மனைவி எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. பேச்சுக் குறைந்தவள் அவள். நான் வீடு திரும்பியதிலிருந்து அந்தப் பேச்சும் நின்றுபோயிருந்தது.

ஈஸ்டரன்று விடியுமுன் அவரவர் குடும்பக் கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் சபை வழக்கம். என் அப்பாவின் கல்லறையை நெருங்கியபோது எஸ்தர் என் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தாள். அதற்குள் பார்த்துவிட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் புது மண்மேடு. சிலுவை இல்லை.

"இது யாருது?"

அவள் தலைகுனிந்து நின்றாள். "உங்களுதுங்க."

இதயம் நின்றுவிட்டது என்று கேட்டதும், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த அவள் தம்பி எஸ்டிடி பூத்துக்கு ஓடி ஊருக்குச் சொல்லிவிட்டான். கோயிலில் துக்க மணி அடித்து, குழியும் வெட்டிவிட்டார்கள். பிறகுதான் நான் பிழைத்த செய்தி போயிருக்கிறது.

"வெட்டுன குழி வெறுமனே கெடந்தா ஆளு கேக்குமாமுங்க. உங்க பெரியப்பா ஊட்டுக்காரங்க உங்களுக்குப் பதிலா வாழத்தண்டை உள்ள போட்டு மூடிப்போட்டாங்க."

பெரியப்பா வீட்டார் இந்துக்கள். போதகர் கண்டும் காணாதது போல் இருந்துவிட்டாராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மேட்டின் மீதே உட்கார்ந்தேன்.

அப்போதுதான் போதகர் என் பெயரைச் சொல்லி அழைத்தார். எழுந்து நின்றேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. நான் ஒண்ணையும் பாக்கலீங்க."

முன்னால் நின்றவர்கள் போதகரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் எனக்கு முகம் சுட்டது.

"நான் பாத்தனுங்க." எஸ்தரின் குரல். சபையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "வெரலெல்லாம் நீலம் பாஞ்சு கெடந்தாருங்க. வெளிய போகச் சொன்னாங்க, போகலீங்க. கதவோரமா நின்னு பாத்தேன். அப்பறம் அந்தக் கை அசைஞ்சுதுங்க. சந்தோசம் வரலீங்க, பயந்தான் வந்துச்சு. இன்னும் பயமாத்தான் இருக்குது." மேலே சொல்ல முடியாமல் அழுதாள்.

முதல் ஈஸ்டரன்று வெறுமையான கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடினார்கள் என்று வருடாவருடம் கேட்டிருக்கிறேன். மகிழ வேண்டிய நேரத்தில் என்ன பயம் என்று நினைப்பேன். உயிர்த்தவரைவிட, பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காலை கடினமாக இருந்திருக்கும் என்று அன்றுதான் தோன்றியது. அவர்கள் சொன்னதை நம்பித்தான் நான் இத்தனை காலம் பாடியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் சொல்ல முடியாது. ஆனால் இந்த உடம்பை முழுக்க என்னுடையது என்று சொல்ல வாய் வருவதில்லை. என் ஆயுளில் சில நிமிடங்கள் என்னிடம் இல்லை. எனக்குப் பதிலாக எஸ்தர் அவற்றை வாழ்ந்திருக்கிறாள். மத்தியானம் நான் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். விழித்திருந்தாலும் கண்ணைத் திறக்காமல், அவளுக்குத் தெரியும்படி மூச்சைக் கொஞ்சம் பலமாக விடுகிறேன்.