கலர்க்காரர் வைத்த சூப்

பெயிண்ட் கடையின் பின்பக்க அறையில் வடக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். அதற்குக் கீழே நின்றபடியேதான் அவர் தன் ஆயுளில் பாதியைக் கழித்திருந்தார். முதலாளியில் தொடங்கி டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கலர்க்காரர். யாராவது பழைய சுவரைச் சுரண்டி, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிறவரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். பிறகு வெள்ளை டப்பாவைத் திறப்பார். கொஞ்சம் மஞ்சள், அதைவிடக் கொஞ்சமாகக் கறுப்பு, யோசித்துவிட்டு ஒரே ஒரு துளி சிவப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் அசைந்து கொடுக்க மாட்டார். கலக்கி முடித்ததும் டப்பாவை நீட்டிவிடுவது அவர் வழக்கமில்லை. விரல் நுனியால் தொட்டு, வெள்ளை அட்டையில் ஒரு தீற்றுத் தீற்றி, ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"ஈரத்துல தெரியிற கலரை நம்பி வாங்கிட்டுப் போனீங்கன்னா, நாளைக்குக் காலையில என்னைத் திட்டிக்கிட்டே வருவீங்க. காயட்டும்."

அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறாது. ஈரம் அட்டையை விட்டு மெல்ல விலகி, நிறம் தன் இடத்தில் வந்து உட்காரும் அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் கடையிலேயே இருக்க மாட்டார். எங்கே இருந்தார் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வருவதும் அப்படித்தான். அவர் கலக்கிய நிறங்கள்தான் தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளாக நின்றன. பல் மருத்துவரின் படிக்கட்டில் இருக்கும் பாசிப் பச்சை அவருடையது. தையல்காரியின் மாடியில் இருக்கும் நீலம், அவள் புருஷன் மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்ட நீலம். விளக்கேற்றும் நேரத்தில் அந்தச் சுவர்களெல்லாம் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி மிதப்பதுபோல அவருக்குத் தோன்றும். மிதக்கிற வீடுகளுக்கு நடுவே பையில் காய்கறியோடு நடந்து வருவார்.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவள். பணிமனையில் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் போதும், முன்னால் நிற்கிற வண்டி தானாக ஒதுங்கும். இருவரும் முதலில் சந்தித்ததே ஒரு மழை நாளில்தான். அவள் பேருந்து குட்டையில் இறங்கி, நிறுத்தத்தில் நின்றவரைத் தலை முதல் கால் வரை நனைத்தது. அவர் கோபப்படாமல், சட்டையில் வழிந்த சேற்றின் செம்மண் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வண்டியை நிறுத்தி, "தப்பு என்மேல. அதுக்காக இப்படியா சும்மா நிப்பீங்க? ஒரு வார்த்தை திட்டுங்களேன்யா!" என்று கத்தினாள். திட்ட வராதவரைக் கட்டிக்கொண்டு, அவருக்கும் சேர்த்து அவளே இத்தனை வருஷமாகத் திட்டி வந்தாள்.

அப்படிப்பட்டவளை ஒரு காய்ச்சல் வந்து படுக்கவைத்தது. வாரக்கணக்கில் இருந்தது. போகும்போது அவளுடைய நாக்கையும் மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியவில்லை, புளிப்பு தெரியவில்லை, வெங்காயம் நறுக்கினால் கண் எரிந்ததே தவிர வாசம் தெரியவில்லை.

"வாயில எதைப் போட்டாலும் ஈரத்துணிய மெல்லுற மாதிரி இருக்குங்க," என்றாள் ஒருநாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கத்துவதையும் நிறுத்திவிட்டாள்.

மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நாக்கு மெதுவா திரும்பி வரும், வராமலும் போகலாம். ஆனா நீங்க சாப்பிட்டே ஆகணும். எண்ணெய் வேண்டாம், பொரிச்சது வேண்டாம். காய்கறி, பருப்பு, வீட்டுல செஞ்ச லேசான சாப்பாடு. உடம்புல தெம்பு ஏறாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போற வண்டிம்மா."

பணிமனையிலும் ஒரு கெடு வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் பிறப்பதற்குள் தகுதிச் சான்று வராவிட்டால் அவளுடைய வண்டி வேறொருவருக்குப் போகும். அவள், பயணிகள் விட்டுச் சென்ற குடைகளையும் பைகளையும் காக்கும் அறையில் உட்கார வேண்டும். "குடைக்குக் காவலா?" என்று அவள் கேட்டாள். அன்றுதான் கலர்க்காரர் அடுப்படிக்குள் நுழைந்தார்.

அதுவரை அவருக்குத் தெரிந்த சமையல் காய் நறுக்குவது மட்டும். கல்லூரியில் படிக்கும் மகள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். வேகவைப்பது, வடிப்பது, மசிப்பது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். அந்தப் பெருமையில் அவள் சொன்னதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொண்டார்.

ருசி தெரியாதவளுக்கு எதைக் கொடுப்பது? இந்தக் கேள்வியோடு ஒரு மத்தியானம் கடை ஜன்னலருகே நின்றபோது அவருக்கு விடை கிடைத்தது. நாக்கு போனால் என்ன, கண் இருக்கிறதே!

அன்று முதல் வீட்டில் நிறங்கள் வேகத் தொடங்கின. பூசணியும் கேரட்டும் சேர்ந்து, அந்தி வெயில் சாய்ந்த சுவர் மாதிரி ஒரு சூப். கீரையை மசித்து நடுவில் ஒரு கரண்டித் தயிர். பீட்ரூட்டின் சிவப்பில் உருளைக்கிழங்கை ஊறவிட்டுக் கிடைத்த ரோஜா நிறம். பச்சைப் பட்டாணியை மட்டும் கடைசி நிமிடத்தில் போட்டு எடுப்பார், அதன் பச்சை பயந்து ஓடிவிடக் கூடாது என்று. எண்ணெய் சொட்டுதான். மிளகு, பூண்டு, இஞ்சி எல்லாம் அளவாக. இரவில் கனவிலும் அதுதான். ஒரு ஊர் முழுக்க வேகவைத்த காய்களால் கட்டிய வீடுகள். ஜன்னலைத் திறந்தால் ஆவி வருகிறது. யாரோ சுவரில் கரண்டியை விட்டு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே போகிறார்கள்.

தட்டில் ஊற்றியதும் அவர் உடனே கூப்பிட மாட்டார். வெள்ளைத் தட்டுகளை அடுப்படி ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கொதிக்கிற சூப்பின் நிறம் பொய் நிறம். ஆவி அடங்கி, மேலே மெல்லிய ஆடை படிந்து, ஆரஞ்சு ஒரு படி இறங்கி வந்து அமரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். திருப்தியானதும்தான், "வாங்க எல்லாரும்" என்பார்.

மனைவி வந்து உட்காருவாள். தட்டைப் பார்த்து, "அழகா இருக்குங்க" என்பாள். இரண்டு வாய், மூன்று வாய். கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்துவிடுவாள்.

"போதும்."

"ஏம்மா, இன்னும் ஒரு வாய்?"

"நல்லாத்தான் இருக்கு. என்னாலதான் முடியல."

நிறம் சரியில்லை என்று அவர் எடுத்துக்கொள்வார். மறுநாள் ஊதா முட்டைக்கோஸ் வாங்கி வருவார்.

இந்தச் சாப்பாட்டின் மீது வீட்டில் வெளிப்படையாகப் போர் தொடுத்தவன் மனைவியின் தம்பி மட்டும்தான். மாடியறையில் குடியிருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கைகால் கழுவிவிட்டு எல்லோருக்கும் கடைசியாகத்தான் சாப்பிட இறங்கி வருவான். முட்டைக்கோஸ் சூப்பைப் பார்த்த அன்று வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"மச்சான், இது சாப்பிடறதுக்கா, வாசல் கேட்டுக்கு அடிக்கிறதுக்கா?"

"திங்கிறதுன்னா தின்னு மாப்ள. இல்லன்னா பிரஷ் எடுத்துட்டு வா, அடிச்சுட்டுப் போ."

"நாள் பூரா லிஃப்ட்டுக் குழியில தொங்கிட்டு வர்றவனுக்கு ஒரு வறுவல் கெடையாதா? எங்கக்காவுக்குத்தான் வைத்தியம். எனக்குமா?"

"மாமா, உன் தொப்பையக் கேளு, அது சொல்லும்," என்றாள் மகள்.

முணுமுணுத்தாலும் அவன் சாப்பிடாமல் போனதில்லை. அவர்கள் எழுந்து போன பிறகு அடுப்படியில் தனியாக என்னவோ உருட்டுவான், பாத்திரம் காலியாகிவிடும். அதை யாரும் கவனித்ததில்லை.

மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. மருத்துவரிடம் போய் வந்தார்கள். அவளுடைய எடையைப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். கையெழுத்துப் போடவில்லை. "இன்னொரு தடவை வாங்க, பாக்கலாம்" என்றார். திரும்பும் வழியில் ஒரு பேருந்து அவர்களைத் தாண்டிப் போனது. மனைவி அதன் எண்ணைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தாள். அதுதான் கலர்க்காரரை உலுக்கியது.

அன்றைக்குப் பூசணி சூப். வழக்கம்போல ஜன்னலோரம் நின்று, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே காத்திருந்து, இதுவரை வந்ததிலேயே நல்ல நிறம் இதுதான் என்று முடிவு செய்த பிறகு கூப்பிட்டார். அவள் இரண்டே வாய்தான் வைத்தாள். எழுந்து போய்விட்டாள். மகள் தட்டுகளை எடுத்தாள். அவர் முன்னறை நாற்காலியில் சாய்ந்து, சுவரை, அவரே கலக்கிய மோர் நிறத்தை, வெறித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை.

அங்கே தம்பி, மீதிச் சூப்பை அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டிருந்தான். சூப் தளதளவென்று கொதித்தது. அடுப்படி ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, வெளியே இருந்த தெருவிளக்கு ஒரு மஞ்சள் பூவாக விரிந்திருந்தது. அவள் வாசலில் நின்றாள். ஆவி வந்து முகத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். வாசனை ஒன்றும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று கன்னத்தைத் தொட்டது, மூக்குத் தண்டில் ஏறியது, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"அதைக் குடுடா," என்றாள்.

"அக்கா, சுடும்."

"குடுடான்னா!"

அந்தச் சத்தம் முன்னறை வரை கேட்டது. கலர்க்காரர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவள் முக்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். ருசி வரவில்லை. ஆனால் சூடு தொண்டையில் இறங்குவது தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு கிளை, முதுகுக்கு ஒரு கிளை. மிளகும் இஞ்சியும் காதோரம் எரிந்தன. மூக்கு நுனியில் வியர்வை துளிர்த்தது. கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இது என்னடா, வேற சூப்பா?"

"அதே சூப்புதான்க்கா. சுட வச்சேன். நான் தினமும் சுட வச்சுத்தானே குடிக்கிறேன்."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் பச்சத்தண்ணி மாதிரி?"

தம்பி திருதிருவென்று விழித்தான். "டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். எண்ணெய் கூடாது, பொரிச்சது கூடாதுங்கிற மாதிரி, சூடும் கூடாதோன்னு..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் மகள், அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து.

எல்லோரும் கலர்க்காரரைப் பார்த்தார்கள்.

"டாக்டர் ஒண்ணும் சொல்லல," என்றார் அவர் மெதுவாக. "கலர் நிக்கணும்ல. கொதிக்கையில பாத்தா வெளுப்பா இருக்கும். ஆறுனாத்தான..."

"ஏங்க, நிஜமாவா சொல்றீங்க?"

"ஆமா."

"சூப்ப காயவச்சீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரித்தாள். முதலில் இருமல் மாதிரி வந்து, பிறகு முக்காலி ஆடும் அளவுக்கு. "உங்க மனசு நோகக் கூடாதுன்னு நான் வாயத் தெறக்கல பாருங்க, என்னைச் சொல்லணும்! சில்லுனு தொண்டையில இறங்க மாட்டேங்குது, நம்ம உடம்புதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ரெண்டாவது கோட்டும் அடிச்சிருக்க வேண்டியதுதான?"

"மச்சான் பிரைமரும் அடிச்சிருப்பாரு அக்கா, உனக்குத்தான் தெரியல."

"நீ பேசாதடா. தினமும் ஒளிஞ்சுக்கிட்டு சூடா குடிச்சவன் நீ! ஊத்து இன்னொரு கிண்ணம்."

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில் கலர்க்காரர் அடுப்பை அணைத்த கையோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தட்டில் என்ன நிறம் வந்தது என்று அவருக்கே தெரியாது. ஆவிக்குள் ஆரஞ்சாக ஏதோ, பச்சையாக ஏதோ மிதக்கும்; நன்றாகப் பார்ப்பதற்குள் அது அவள் வயிற்றுக்குள் போயிருக்கும். பார்க்காமல் ஒன்றை ஒப்படைத்து அவருக்குப் பழக்கமில்லை. பிறகு ஆவிக்குப் பின்னால் கலங்கலாகத் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது பழகிவிட்டது. அந்தக் கன்னத்தில் நாளுக்கு நாள் ஏறி வந்த நிறத்தைக் கலக்கச் சொன்னால் அவரால் முடியாது.

கெடு முடியும் முன்பே மருத்துவர் கையெழுத்துப் போட்டார். நாக்கு இன்னும் திரும்பவில்லை என்று அவள் சொன்னபோது, "ஓட்டறதுக்கு நாக்கு வேண்டாம்மா" என்றார்.

வண்டியில் ஏறிய முதல் நாள் சாயங்காலம், காக்கிச் சட்டை கசங்க, தொண்டை கட்ட, அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். யார் யார் குறுக்கே வந்தார்கள், யார் யாருக்கு எப்படிப் பதில் சொன்னாள் என்று வாசலிலிருந்தே தொடங்கினாள். தட்டைத் தேடப் பொறுமையில்லை. சூப் பாத்திரத்தையே மேசைக்கு இழுத்து, ரொட்டியை அதில் முக்கி, பேசிக்கொண்டே சாப்பிட்டாள். நெற்றியில் வியர்வை. கலர்க்காரர் எதிரில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லும் தெருக்களெல்லாம் அவருடைய தெருக்கள்தான், ஆனால் அவள் வேகத்தில் அவை வேறு நிறங்களில் விரைந்து போயின.

தம்பி கையில் கிண்ணத்தோடு இறங்கி வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான். அடி தெரிந்தது.

"மச்சான், அப்ப எனக்கு?"

"கூடையில சுரைக்கா கெடக்கு மாப்ள," என்றார் அவர், அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நறுக்கு. நான் வர்றேன்."